பைசாந்தியப் பொற்காசும் அதன் மேலெழுத்தும்

திருச்சபை வரலாற்று வகுப்பில் பைசாந்தியப் பேரரசைக் குறித்து ஒருமுறை கற்பித்துக்கொண்டிருந்தபோது, அக்காலப் பொற்காசு ஒன்றின் நிழற்படத்தை மாணவரிடையே சுற்றுக்கு விட்டோம். காசின் ஒரு பக்கத்தில் கிறிஸ்துவின் திருமுகம். மறுபக்கத்தில் சிலுவையைப் பற்றி நிற்கும் பேரரசனின் உருவம். படத்தை நெடுநேரம் உற்றுநோக்கிய மாணவர் ஒருவர் எழுந்து, "ஐயா, வரிகொடுப்பதைக் குறித்து ஆண்டவரிடம் கேட்டவர்கள் இந்தக் காசைக் கொண்டுவந்து காட்டியிருந்தால், அவர் இதை யாருக்குச் செலுத்தச் சொல்லியிருப்பார்?" என்று வினவினார். வகுப்பில் சிரிப்பு எழுந்தது. ஆயினும் அந்த வினா சிரித்து விட்டுவிடத்தக்கதன்று. மாற்கு 12ஆம் அதிகாரத்தில் இராயனுடைய சுரூபமும் மேலெழுத்தும் எங்கு இருந்தனவோ, அதே இடத்தில் ஏறத்தாழ 650 ஆண்டுகளுக்குப் பின் ஆண்டவருடைய உருவமே ஏறிற்று. இது எவ்வாறு நேர்ந்தது, இதனால் காசுக்கு என்ன நேர்ந்தது, திருச்சபைக்கு என்ன நேர்ந்தது என்பவற்றை இக்கட்டுரையில் சுருக்கமாக ஆராய்வோம்.

1. காசின் தோற்றம்

கி. பி. மூன்றாம் நூற்றாண்டில் உரோமப் பேரரசின் நாணயம் சீர்குலைந்து கிடந்தது. வெள்ளிக்காசு என்ற பெயரில் வெள்ளிப்பூச்சு ஏற்றிய செம்புக்காசுகளே வழங்கின. இந்நிலையில் கான்ஸ்டன்டைன், 309 அளவில், ஓர் உரோம இராத்தல் தங்கத்தில் 72 காசுகள் என்ற கணக்கில் புதிய பொற்காசு ஒன்றை அடிப்பித்தான். இலத்தீனில் இதற்கு 'சொலிதுஸ்' என்று பெயர். கெட்டியானது, உறுதியானது என்பது பொருள். கிரேக்கர் இதனை 'நொமிஸ்மா' என்று வழங்கினர். எடை ஏறத்தாழ நாலரை கிராம். நம் கணக்கில் அரைப் பவுனுக்குச் சற்று மிகை. அதன் எடையை 24 பகுதிகளாகப் பகுத்து, ஒவ்வொன்றையும் 'கெராத்தியோன்' என்றழைத்தனர். இது கரோப் மரத்து விதையின் பெயர். நம் நகைக்கடைகளில் இன்றும் வழங்கும் 'காரட்' என்ற சொல் இதிலிருந்து வந்ததே. கலப்பற்ற தங்கத்தை 24 காரட் என்பதும் இப்பகுப்பின் வழிவந்ததாகவே கூறுவர்.

இக்காசுக்கு வேண்டிய தங்கம் எங்கிருந்து வந்தது? வரியிலிருந்தும், 324இல் தோற்கடிக்கப்பட்ட லிசீனியுஸின் கருவூலத்திலிருந்தும், பழைய சமயக் கோயில்களின் செல்வங்களிலிருந்தும் வந்தது. பெயர் அறியப்படாத நான்காம் நூற்றாண்டு ஆசிரியர் ஒருவர், கோயில்களில் அடைபட்டிருந்த பொன் வெளிவந்தபின் செல்வரின் வீடுகள் நிரம்பின என்றும், எளியோர் மேலும் நசுக்குண்டனர் என்றும் குறைகூறியுள்ளார். அக்குறை முற்றும் பொய்யன்று. அரசு தன் வரியைப் பெரும்பாலும் பொன்னாகவே கேட்டது. உழவனிடத்திலோ பொன் இல்லை, தானியமே இருந்தது. அறுவடைக் காலத்தில் விலை தாழ்ந்திருக்கையில் தானியத்தை விற்றுச் செப்புக்காசு பெற்று, அதைக் காசுமாற்றுவோனிடம் கொடுத்துப் பொற்காசாக்கி, அதன்பின் வரி செலுத்தவேண்டும். ஒவ்வொரு படியிலும் அவன் கையிலிருந்து சிறிது கழிந்தது. எல்லோருடைய நம்பிக்கைக்கும் உரிய நற்காசும் எளியவன்மேல் பாரமாய் இறங்கக்கூடும் என்பதை நாம் முதற்கண் மனத்திற்கொள்ள வேண்டும்.

எனினும் அரசு தன் பங்குக்கு அக்காசைத் தூயதாகக் காத்தது. வரியாக வந்த காசுகளை அப்படியே கருவூலத்தில் சேர்த்தால் கள்ளக்காசும் தேய்ந்த காசும் கலந்துவிடும் என்றஞ்சி, அவற்றை உருக்கிப் பொற்கட்டிகளாக்கியே அனுப்பவேண்டுமென்று முதலாம் வாலென்டினியன் 360களில் சட்டம் செய்தான். அதுமுதல் காசின் அடியில் 'கொனோப்' என்ற குறி காணப்படுகிறது. 'கொன்' என்பது தலைநகராகிய கான்ஸ்டான்டிநோபிளைச் சுட்டும். 'ஓப்' என்பது புடமிட்ட பொன் என்பதன் சுருக்கம். அவ்விரு எழுத்துகளும் கிரேக்க எண் வழக்கில் 72 என்ற தொகையையும் குறிக்கும். ஆகவே அச்சிறு குறி, காசின் மாற்றையும் நிறையையும் ஒருங்கே அறிவிக்கும் வாக்குறுதியாயிற்று. இவ்வாக்குறுதி பெருங்குறையின்றி ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகள் காக்கப்பட்டது. உலக நாணய வரலாற்றில் இதற்கு இணை காண்பது அரிது.

2. இலங்கை மன்னன் அவையில்

இக்காசின் பெருமை நம் பகுதி வரையிலும் எட்டியிருந்தது. தென்னிந்தியாவில் ஐந்தாம் ஆறாம் நூற்றாண்டுப் பொற்காசுகள் கிடைத்துள்ளன. மதுரை முதலிய இடங்களிலும் இலங்கையிலும் பிற்கால உரோமரின் சிறு செப்புக்காசுகள் பெருந்தொகையாய்க் கிடைத்துள்ளன.

ஆறாம் நூற்றாண்டின் நடுவில் 'கிறிஸ்தவ நிலவியல்' என்ற நூலை எழுதிய கொஸ்மாஸ், சொப்பாத்ரோஸ் என்ற வணிகரைப் பற்றிய செய்தி ஒன்றைத் தருகிறார். அவ்வணிகர் இலங்கை மன்னன் அவைக்குச் சென்றபோது பாரசீகன் ஒருவனும் அங்கிருந்தான். உங்கள் அரசர்களில் பெரியவர் யார் என்று மன்னன் வினவ, எங்கள் அரசரே என்று பாரசீகன் முந்திக்கொண்டான். சொப்பாத்ரோஸோ, இரு அரசரும் இங்கேயே இருக்கின்றனர், பார்த்தறியலாம் என்று கூறி, இருவர் நாணயத்தையும் ஒப்பிடச் சொன்னார். உரோமரின் காசு ஒளிவீசும் பொன், பாரசீகரதோ வெள்ளி. மன்னன் உரோமரை மெச்சி, சொப்பாத்ரோஸை யானைமேல் ஏற்றி முரசு முழங்க ஊர்வலம் செய்வித்தான் என்பது கதை. இதே நூலில் இலங்கையிலும் மிளகு விளையும் மலை நாட்டிலும் கிறிஸ்தவ சபைகள் இருந்ததாகக் கூறப்படுவதை நம் வாசகர் பலரும் அறிவர்.

இக்கதைக்கு முன்னோடி ஒன்றும் உண்டு. முதல் நூற்றாண்டில் பிளினி எழுதிய நூலிலும் இலங்கை மன்னன் ஒருவன் உரோமரின் காசைக் கண்டு வியக்கிறான். ஆனால் அவன் வியந்தது ஒளியையன்று. காசுகளில் பொறிக்கப்பட்ட அரசர்கள் வேறு வேறாயிருந்தும், காசுகளின் எடை ஒன்றாகவே இருந்தது கண்டு அவர்களுடைய நேர்மையை வியந்தான். பிற்காலக் கதை முற்காலக் கதையை ஒட்டிப் புனையப்பட்டதென ஆய்வாளர் சிலர் கருதுவர். அது எவ்வாறாயினும், இரண்டாம் மன்னன் காசின் பொலிவைப் பார்த்தான். முதல் மன்னன் அதன் நிறையைப் பார்த்தான். நம் மொழி 'நாணயம்' என்ற ஒரே சொல்லால் காசையும் நேர்மையையும் குறிப்பது முதல் மன்னனுடைய பார்வைக்கு நெருங்கியது என்க.

3. சிலுவையும் திருமுகமும்

கிறிஸ்தவச் சின்னங்கள் காசில் ஒரே நாளில் ஏறிவிடவில்லை. கான்ஸ்டன்டைன் 315இல் வெளியிட்ட வெள்ளிப் பதக்கத்தில், அவனுடைய தலைச்சீராவில் கிறிஸ்துவின் பெயரெழுத்துகள் சிறிதாகப் பொறிக்கப்பட்டன. ஏறத்தாழ 420 முதல், இரண்டாம் தெயொதோசியுஸ் காலத்தில், பழைய வெற்றித் தேவதையின் கையில் நீண்ட சிலுவை கொடுக்கப்பட்டது. இரண்டாம் திபேரியுஸ் (578-582) அத்தகைய பெண்ணுருவை அகற்றி, படிகளின்மேல் நிற்கும் சிலுவையை மட்டும் காசின் பின்புறத்தில் பொறித்தான். முந்தைய ஆட்சியின் காசிலிருந்த பெண்ணுருவை மக்கள் அப்ரோதித்தே என்று எண்ணினர் என்றும், மன்னன் தரிசனம் கண்டு அதை மாற்றினான் என்றும் எபேசு யோவான் எழுதியுள்ளார்.

கிறிஸ்துவின் உருவத்தைக் காசின் முதன்மைப் பக்கத்தில் நிலையாக வைத்தவன் இரண்டாம் ஜஸ்டீனியன். இது 692 அளவில் நிகழ்ந்தது. கிறிஸ்துவைச் சுற்றி, அரசாள்வோரின் அரசர் என்னும் பொருளுடைய எழுத்துகள். பின்புறத்தில் பேரரசனுக்கோ 'கிறிஸ்துவின் ஊழியன்' என்ற பட்டம். அதே காலத்தில் தலைநகரில் கூடிய ஆலோசனைச் சங்கம், கிறிஸ்துவை ஆட்டுக்குட்டியாக வரைவதை விட்டு மனித உருவிலேயே வரையவேண்டுமென விதித்திருந்தது. ஆகவே இக்காசு அரசியல் செயல் மட்டுமன்று. மனுவுருவேற்றத்தைப் பற்றிய ஓர் அறிக்கையும் ஆகும். எனினும், தன்னை ஊழியன் என்று பொறித்துக்கொண்ட இம்மன்னன் கொடிய வரிவாங்கலால் மக்களின் வெறுப்பைச் சம்பாதித்தான். 695இல் குடிகள் கிளர்ந்து அவனைப் பிடித்து, மூக்கை அறுத்து நாடுகடத்தினர். 705இல் அவன் மீண்டு வந்து, கிறிஸ்துவின் உருவைக் காசில் மீண்டும் பொறித்து, பகைவரைப் பழிவாங்கினான். 711இல் கொல்லப்பட்டான். ஊழியன் என்னும் மேலெழுத்து அவனை ஊழியனாக்கிவிடவில்லை.

கிழக்கே அரபியப் பேரரசில் அதுவரை பொற்காசாகப் பைசாந்தியக் காசும் அதன் போலியும் வழங்கின. கலீபா அப்துல் மாலிக் 696-697இல் உருவமே இல்லாத தீனார் என்னும் பொற்காசை அடிப்பித்தார். அதில் இறைவன் ஒருவனே என்று அறிக்கையிடும் எழுத்துகள் மட்டுமே உள்ளன. பேரரசுகள் இரண்டும் தத்தம் சமய அறிக்கையைத் தங்கத்தின்மேல் எழுதி ஒன்றையொன்று எதிர்கொண்ட காலம் அது.

711க்குப்பின் கிறிஸ்துவின் உருவம் காசினின்று மறைந்தது. உருவங்களைப் பற்றிய நீண்ட பூசல் ஓய்ந்து, 843இல் அவை ஆலயங்களில் மீண்டும் நிலைநாட்டப்பட்டபோது காசிலும் மீண்டும் தோன்றிற்று. அதன்பின் பேரரசின் முடிவு வரையிலும் கிறிஸ்துவின் உருவம் பைசாந்தியக் காசைவிட்டு நெடுங்காலம் நீங்கியதில்லை.

4. பொன் குறைந்தது, திருமுகம் குறையவில்லை

பேரரசின் செழிப்பை 950இல் நேரிற் கண்டவர் இத்தாலியத் தூதர் லியுத்பிராந்து. குருத்து ஞாயிற்றை ஒட்டிய நாட்களில் பேரரசன் உயர் அலுவலர்க்கு ஆண்டு ஊதியத்தைத் தன் கையாலேயே கொடுத்ததையும், சிலர் பொன்மூட்டையைச் சுமக்கமாட்டாமல் பிறர் துணையுடன் இழுத்துச் சென்றதையும் அவர் விவரித்துள்ளார். இக்காட்சி உமக்குப் பிடித்ததா என்று அரசன் கேட்டனுப்ப, தமக்கும் கிடைத்திருந்தால் பிடித்திருக்குமென்று, ஐசுவரியவானும் லாசருவுமாகிய உவமையை எடுத்துக்காட்டி அவர் விடையிறுத்தார். அரசன் நகைத்து, மேலாடை ஒன்றும் ஓர் இராத்தல் பொற்காசும் அளித்தான். வேதவசனம் நல்ல விலைக்குப் போயிற்று!

வீழ்ச்சியின் முதல் அறிகுறி சிறிதாகவே இருந்தது. நிக்கெபோருஸ் போக்காஸ் (963-969) எடை குறைந்த இன்னொரு பொற்காசைப் புழக்கத்தில் விட்டான். அவன் வரியைக் கனமான காசில் வாங்கி, கொடுக்கவேண்டியதை இலேசான காசில் கொடுத்தான் என்று வரலாற்று ஆசிரியர்கள் பழித்தனர். சேக்கலைப் பெரிதாக்கி மரக்காலைச் சிறிதாக்குவோரைக் கண்டித்த ஆமோஸின் குரல் நம் செவியில் ஒலிக்கிறதன்றோ!

தங்கத்தின் மாற்றைக் குறைக்கத் தொடங்கியவன் நான்காம் மைக்கேல் (1034-1041). அவன் காசுமாற்றும் தொழிற்குடும்பத்திலிருந்து வந்தவன் என்பர். தனிவாழ்வில் பக்தியுள்ளவன், நோயாளிகளைப் பேணினான், ஆலயம் எடுத்தான், இறுதியில் துறவியாகி இறந்தான். அவன் அடித்த காசிலும் கிறிஸ்துவின் திருமுகம் மாறாதிருந்தது. பொன் மட்டும் சற்றே குறைந்தது. ஒன்பதாம் கான்ஸ்டன்டைன் (1042-1055) காலத்தில் மாற்று ஏறத்தாழ 18 காரட் வரை இறங்கிற்று. வணிகம் பெருகியதால் மிகுதியான காசு தேவைப்பட்டதே முதற்கட்டக் குறைப்பின் காரணம் என இக்காலப் பொருளியல் வரலாற்றறிஞர் சிலர் வாதிடுகின்றனர். அரசவைப் பட்டங்களுக்குரிய ஊதியமும் மன்னனின் ஊதாரித்தனமுமே காரணம் என்பது அக்கால எழுத்தாளர் தரப்பு. ஆனால் 1071இல் மன்சிகெர்த்துப் போரில் பேரரசன் சிறைப்பட்டு, சின்ன ஆசியா கைநழுவத் தொடங்கியபின் நேர்ந்தது ஐயத்திற்கிடமற்ற சரிவே.

ஏழாம் மைக்கேலுக்கு (1071-1078) மக்கள் இட்ட பட்டப்பெயர் 'பரபினாக்கேஸ்'. 'கால்மரக்கால் குறைவு' என்று அதனை நாம் பெயர்க்கலாம். ஒரு பொற்காசுக்கு முழு அளவு கோதுமை கிடைத்த நிலை மாறி, அதில் காற்பங்கு குறையவே அப்பெயர் எழுந்தது. அவனுடைய அமைச்சன் ரைதெஸ்தோஸ் நகரில் தானிய வாணிபத்தை அரசின் ஏகபோகமாக்கியது மக்களின் துயரைப் பெருக்கிற்று. அடுத்து வந்த மூன்றாம் நிக்கெபோருஸ் காலத்தில் மாற்று ஏறத்தாழ 8 காரட். முதலாம் அலெக்சியுஸின் தொடக்க ஆண்டுகளில் காசில் பொன் இருந்ததென்பதே பெயரளவாயிற்று.

இக்காசுகளை வரிசையாக வைத்துப் பார்ப்போர்க்கு ஒன்று புலனாகும். ஆட்சிக்கு ஆட்சி பொன் வெளிறுகிறது. வெள்ளியும் செம்பும் ஏறுகின்றன. ஆனால் கிறிஸ்து அதே அரியணையில் அமர்ந்து, அதே நற்செய்திப் புத்தகத்தை ஏந்தி, அதே கையால் ஆசீர்வதிக்கிறார். உருவத்தை எவரும் குறைக்கவில்லை. குறைந்த பொன்னை நிறைந்த பொன்னென்று குடிகள் ஏற்றுக்கொள்ளும்படி, அத்திருமுகமே சாட்சிக்கு நிறுத்தப்பட்டது. பத்துக் கற்பனைகளில் தேவனுடைய நாமத்தை வீணிலே வழங்குவதைத் தடுக்கும் கற்பனை நாவுக்கு மட்டும் உரியதன்று; அக்கசாலைக்கும் உரியது.

1092இல் அலெக்சியுஸ் துணிந்து சீர்திருத்தம் செய்தான். ஏறத்தாழ 20½ காரட் மாற்றுள்ள புதுக்காசுக்கு 'ஹைப்பர்பைரோன்', அதாவது நன்கு புடமிடப்பட்டது, என்று பெயர் வழங்கிற்று. இழந்த மதிப்பு பெரும்பாலும் மீண்டது. எனினும் கான்ஸ்டன்டைனின் 24 காரட் மீண்டும் வரவேயில்லை.

5. திருக்கலங்களும் அக்கசாலையும்

காசின் வரலாற்றோடு ஆலயச் செல்வத்தின் வரலாறும் பின்னியுள்ளது. 622இல் ஹெராக்ளியுஸ் பாரசீகர்மேல் படையெடுத்தபோது, பேராயர் செர்கியுஸின் இசைவுடன் பெரிய ஆலயத்தின் விளக்குத்தண்டுகளும் கலங்களும் உருக்கப்பட்டுக் காசாயின. நார்மானியர் படையெடுப்பை எதிர்க்க 1081-1082இல் அலெக்சியுஸ் ஆலயச் செல்வத்தை எடுத்தபோது, கல்கெதோன் பேராயர் லியோ வெளிப்படையாக எதிர்த்து, பதவியிழந்து நாடுகடத்தப்பட்டார். இனி அவ்வாறு செய்வதில்லையென்று 1082இலேயே பேரரசன் எழுதிக்கொடுக்க நேர்ந்தது. 1453 முற்றுகையின்போதும் வீரர்க்கு ஊதியமளிக்கத் திருக்கலங்கள் உருக்கப்பட்டதாக அக்காலத்தவர் எழுதியுள்ளனர்.

திருக்கலத்தை உருக்குவது என்றுமே தவறு என்று பண்டைச் சபை கருதவில்லை. சிறைப்பட்டோரை மீட்க மிலான் பேராயர் அம்புரோசு கலங்களை உருக்கினார். அதைப் பழித்தவர்களுக்கு, மனிதரைக் காப்பதே சபையின் பொன்னுக்கு அழகு என்ற கருத்தில் விடையளித்தார். முதலாம் ஜஸ்டீனியனின் சட்டமும் சிறைமீட்புக்காகக் கலங்களை விற்க இடமளித்தது. எதற்காக உருக்கப்படுகிறது, யாருடைய இசைவோடு, யாருக்குக் கணக்குக் காட்டி என்பனவே வினாக்கள்.

6. முடிவுக்காலம்

1204இல் சிலுவைப்போர் வீரர் கான்ஸ்டான்டிநோபிளைக் கொள்ளையிட்டபின் பேரரசு பழைய நிலையை எய்தவில்லை. 1261இல் நகர் மீட்கப்பட்டது. ஆயினும் காசின் மாற்று 15, 14, 12 என்று படிப்படியாய் இறங்கி 11 காரட் வரை வந்தது. அதற்குள் பிளோரன்சு நகரம் 1252இலும் வெனிசு 1284இலும் தூய பொற்காசு வெளியிட்டு, உலக வணிகத்தின் நம்பிக்கையைப் பெற்றுக்கொண்டன. 1343இல் அரசமுடியின் மணிகள் 30,000 வெனிசுக் காசுக்கு அடகு வைக்கப்பட்டன, மீட்கப்படவேயில்லை. 1347இல் ஆறாம் யோவான் முடிசூடியபோது முடியில் கண்ணாடிக் கற்களும், விருந்தில் ஈயமும் மண்ணுமாகிய கலங்களும் இருந்தன. 1350களின் தொடக்கத்தோடு பொற்காசு அடிப்பது நின்றுபோயிற்று. பேரரசு விழுவதற்கு நூறு ஆண்டுகள் முன்பே அதன் பொற்காசு மறைந்துவிட்டது.

7. மாணவரின் வினாவுக்கு

இனி, தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு மீள்வோம். கிறிஸ்துவின் உருவம் பொறித்த காசு யாருக்கு உரியது? இரண்டாம் நூற்றாண்டின் இறுதியிலும் மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் எழுதிய தெர்த்துல்லியன், காசில் இராயனுடைய சாயல் உள்ளதால் காசை அவனுக்கும், மனிதனில் தேவசாயல் உள்ளதால் மனிதன் தன்னையே தேவனுக்கும் கொடுக்கவேண்டும் என்று விளக்கினார். அவ்விளக்கத்தின்படி நோக்கினால், ஜஸ்டீனியனின் காசும் இராயனுடைய காசே. அதில் எவருடைய முகத்தைப் பொறித்தாலும் பொன் பொன்தான். தேவசாயல் இருந்தது அக்காசில் அன்று. அக்காசைத் தேடித் தானியம் விற்ற உழவனிடத்தில். அவனிடமிருந்து கனமான காசை வாங்கி, அவனுக்கு இலேசான காசைக் கொடுத்தபோது பழுதுபட்டது அந்தச் சாயலே.

இதை நாம் பைசாந்தியரைப் பழிக்க எழுதவில்லை. நம் சபைகளிலும் நிறுவனங்களிலும் காணிக்கைப்பையிலும் பற்றுச்சீட்டிலும் அறக்கட்டளைப் பத்திரத்திலும் கிறிஸ்துவின் நாமம் எழுதப்பட்டுள்ளது. ஒருமுறை சபைக் கணக்கை வெளியாள் ஒருவரைக்கொண்டு தணிக்கை செய்யவேண்டுமென்று மூப்பர் ஒருவர் கேட்டபோது, "ஆண்டவருடைய பணத்திற்குத் தணிக்கை எதற்கு?" என்ற மறுமொழி எழுந்தது. அன்று ஆயராயிருந்த நாமும் அம்மறுமொழியைப் பக்தியென்றெண்ணி வாளாவிருந்தோம். பின்னர், கைம்பெண்களுக்கென ஒதுக்கிய தொகை வேறு செலவுக்குப் போயிருந்தது தெரியவந்தபோது வெட்கமுற்றோம். திருமுகம் இருக்கிறதே என்று நம்பி எடைபோடாது வாங்கிய காசு அது.

பண்டைத் தமிழகத்தில் பொன்னின் மாற்றைத் தேர்ந்து சொல்பவனுக்கு வண்ணக்கன் என்று பெயர். அவன் காசின்மேல் எவர் உருவம் உள்ளதென்று பார்த்து நின்றுவிடுவதில்லை. உரைகல்லில் உரைத்துப் பார்ப்பான். திருச்சபைக்கு அத்தகைய வண்ணக்கர் இக்காலத்தில் மிகுதியும் வேண்டும். ஆண்டவருடைய பணம் என்பதே அதை நிறுத்துப் பார்ப்பதற்கு முதற் காரணம் என்று அன்று அம்மூப்பருக்குச் சொல்லத் தவறியதை, இன்று இம்மாணவருக்குச் சொல்லி அமைகிறோம்.